மதுரை பஸ்ஸில் ஓர் இருமல்

மதுரையிலிருந்து சிவகாசிக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்து இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு அமைலாய்டோசிஸ். உடம்பில் உருவாகும் ஒரு கோளாறான புரதம் இதயத்திலும் சிறுநீரகத்திலும் படியும் நோய். போன மாதம் எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் வந்த வைரஸ் காய்ச்சல் இவருக்கும் வந்தது. மற்றவர்கள் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். இவரோ நுரையீரலில் நீர் கோத்து, ஐசியுவில் மூச்சுக்குத் தவித்தார்.

இன்று மறுபரிசோதனை.

"நுரையீரல் தெளிஞ்சிருச்சு. இதயமும் மோசமாகல. ஆனா இன்னொரு சளி வராமப் பாத்துக்கோங்க" என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்குப் பசியே எடுத்தது.

பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் இருமினார். இவர் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டார்.

"கொரோனாதான் போயிருச்சே அண்ணாச்சி, இன்னும் எதுக்கு மாஸ்க்கு?"

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று எழுந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கப்படாதாக்கா? நீங்க உக்காருங்க, நான் அங்கன பின்னால நின்னுக்கிறேன்."

விருதுநகர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். இறங்கியதும் ஜன்னலிலிருந்து தள்ளி நின்று, "உடம்பப் பாத்துக்கோங்க அண்ணாச்சி!" என்று கையசைத்தார். மாஸ்க்குக்குள் இவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிட்டேன். இருமிக்கொண்டே நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? வழி தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.