ஒரு கோலின் விலை

இன்று தாடிக்கொம்பு பஸ்ஸில் போனில் கால்பந்து பார்த்துக்கொண்டே வாய்விட்டுத் திட்டிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் மடியில் விதைப் பையோடு இருந்த அக்கா கேட்டார்: “ஏம்மா, நம்ம ஆளுக தோத்துட்டாங்களா?”

“நம்ம ஆளுக இல்லக்கா. பெரிய பணக்கார நாடு. கோடி கோடியாக் கொட்டி மைதானம் கட்டி, வெளிநாட்டுக் கோச்சு வச்சு, கடைசியில ஒரு கோலுக்கு வழியில்ல. அம்புட்டும் தண்டம்.”

அக்கா சிரித்தார்.

“எங்க ஊரு பொம்பளப் பிள்ளைகளும் நேத்து தோத்துத்தான் வந்துச்சுக. சோளம் அறுத்த எங்க காட்டுலதான் வெளையாடிப் பழகுச்சுக. சோளக்கட்டையெல்லாம் அதுகளே பிடுங்கிப் போட்டுச்சுக. போன வாரம் மழை பேஞ்சதும் எங்க வீட்டுக்காரரு உழுகறதுக்கு டிராக்டரக் கூட்டியாந்துட்டாரு. மேட்ச் முடியட்டும்னு நாந்தான் திருப்பி அனுப்புனேன்.”

“ஈரம் காஞ்சுருமேக்கா?”

“காஞ்சுதான் போச்சு. இன்னொரு மழை வராமயா போயிரும்?”

“எத்தன கோல்ல தோத்துச்சுக?”

“அவங்க ஆறு, நாம ஒண்ணு.” ஜெயித்த முகத்தோடு சொன்னார். “போன வருசம் அந்த ஒண்ணுகூட இல்லம்மா!”

விதைப் பையை அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். வானத்தில் மேகமே இல்லை. அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை.

பணக்கார நாட்டில் ஒரு கோலுக்கு என்ன செலவாகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் தாடிக்கொம்புப் பக்கம் இன்றைய விலை, ஒரு கோலுக்கு ஒரு மழை.