குண்டும் குழியும்

என் அத்தையை ஊரில் குண்டு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவரே அவர்தான் என்பதால் யாருக்கும் கூச்சம் கிடையாது. கடைக்குள் நுழையும்போதே, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, குண்டு வருது" என்பார். அடுத்தவர் வாய் திறப்பதற்குள் தானே சொல்லிவிட்டால் அந்தச் சொல்லுக்குக் கூர் போய்விடும் என்பது அவர் கணக்கு.

அவருக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், சன்னலே இல்லாத நீளமான அறை. ஒரு கோடியில் துவைக்கும் இயந்திரங்கள் உருண்டுகொண்டே இருக்கும். மறுகோடியில் ஆவி கக்கும் பெரிய இஸ்திரி உருளை. ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருளைக்குள் விட வேண்டும். கொஞ்சம் தொய்ந்தால் மடிப்பு விழுந்துவிடும். ரொம்ப இழுத்தால் எதிர் முனையில் இருப்பவரின் விரல் சுடும். நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. அத்தையின் தோளையும் காலையும் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அந்த உருளைக்கு முன்னால் ஒரு மதியம் நின்று பார்த்ததில்லை.

சைக்கிள் அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. ஏரிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த ஒரே பேருந்தையும் நிறுத்திவிட்டார்கள். மாமா, அதாவது அவர் கணவர், அதே சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுநர். விடிவதற்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு மற்ற மருத்துவமனைகளுக்குப் போய்விடுவார். அதனால் அத்தை, தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, ஏரிக்கரைச் சரளைப் பாதையில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரம் அழுதார். இரண்டாம் வாரம் திட்டினார். அதற்கப்புறம், விடுமுறை நாளிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு காணாமல் போனார். கேட்டால், "சும்மா, தண்ணியப் பார்த்துட்டு வந்தேன்" என்பார்.

பார்க்க நிறைய இருந்தது. எங்கள் பக்கத்தில் ஏரிகள் இரண்டு வகை. கோணல்மாணலாக, கரை எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடப்பவை இயற்கை போட்டவை. கிண்ணத்தை அழுத்தி எடுத்த மாதிரி அச்சு வட்டமாக, வரிசையாக இருப்பவை போரில் வந்தவை. திரும்பிப் போகும் விமானங்கள் பாரம் குறைக்க, மிச்சமிருந்த குண்டுகளை இங்கே கொட்டிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். பள்ளங்களில் மழை நிறைந்தது, நாணல் முளைத்தது, தவளைகள் குடிவந்தன. யார்மீதோ இருந்த கோபம் இப்போது வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஆண்டுக்கொரு முறை இந்த ஏரிகளைச் சுற்றிச் சரளைப் பாதையில் ஒரு சைக்கிள் சவாரி நடக்கும். பழைய விமான ஓடுதளம், இரும்புப் பாலம், வட்டக் குளங்கள், பதுங்குகுழி, கடைசியில் பெரிய ஏரியின் கரை என்று பாதை போகும். முதலில் வருகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் ஒரே பதக்கம்தான். ஆனால் ஒரு விதி உண்டு. எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் ஒரே சீராக ஊர்ந்து வரும். அதன் பின்கதவில் நீளக் காம்பு போட்ட விளக்குமாறு ஒன்று கட்டியிருக்கும். விளக்குமாறு யாரைத் தாண்டுகிறதோ அவருக்குச் சவாரி முடிந்தது, சைக்கிளோடு வேனில் ஏறிக்கொள்ள வேண்டும். வழியில் தண்ணீர் கொடுப்பவர்களும் விளக்குமாறு தாண்டிப் போன பிறகுதான் கடையைக் கட்டலாம்.

அந்த வேன், சலவைக்கூடத்து வேன். ஓட்டுநர், என் மாமா.

போன வருடம் அத்தை முதன்முறையாகக் கலந்துகொண்டார். இரும்புப் பாலத்தில் மூச்சு வாங்கி நின்றபோது விளக்குமாறு அவரைத் தாண்டியது. மாமா வேனை நிறுத்தினார், பக்கக் கதவைத் திறந்தார், ஏறுவதற்கு ஒரு முக்காலியைப் போட்டார். அழுக்குத் துணிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அத்தை திரும்பி வந்தார். முடிவுக் கோட்டில் ஊரே பார்க்க அதே முக்காலியில் கால் வைத்து இறங்கினார்.

"கட்டினவரே வந்து அள்ளிட்டுப் போயிட்டாராமே" என்று சலவைக்கூடத்தில் ஆரம்பித்தது, மீன் கடை வரைக்கும் போனது. எந்தக் கேலிக்கும் முதல் ஆளாகச் சிரிக்கிற அத்தை இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. மாமா சமாதானமாக, "அடுத்த வாட்டி வேணா கொஞ்சம் மெதுவா வரேன்" என்றார்.

"நீங்க மெதுவா வந்தீங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு கிடையாது" என்றார் அத்தை. "வேன் எப்படிப் போகணுமோ அப்படிப் போகட்டும். நான் அதுக்கு முன்னாடி போறேன்."

அதற்காகத்தான் ஒரு வருடம் மழை, காற்று என்று பாராமல் மிதித்தார்.

இந்த வருடத்துச் சவாரியன்று நான் முடிவுக் கோட்டில் துண்டு கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஆகவே நடுவில் நடந்தவற்றை மாமா பாதி சொன்னார், போன் கடை மச்சான்கள் மீதி சொன்னார்கள். அத்தையும் தலையாட்டிய இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

போன் கடை மச்சான்கள் என்றால், ஒருவரின் தங்கையை மற்றவர் கட்டி, இருவருமாகச் சேர்ந்து கடை போட்டவர்கள். புதுச் சைக்கிள், பளபளக்கும் உடுப்பு. புறப்படும் இடத்தில் பெரிய மச்சான் கேட்டார்: "என்ன அக்கா, இந்த வருஷமும் மாமா வண்டியில சீட்டு பிடிச்சாச்சா?"

"ரோடு குண்டும் குழியுமா இருக்கும்னு சொன்னாங்க" என்றார் அத்தை. "குழி ஏற்கெனவே இருக்கு. குண்டு மட்டும் குறையுதேன்னு வந்தேன்."

கூட்டம் சிரித்தது. விசில் ஊதப்பட்டது.

ஓடுதளத்தில் காங்கிரீட் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதில் பலர் சக்கரம் பஞ்சராகி நின்று, அவசரமாக ஒட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பல் டாக்டர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினார். அத்தை இரும்புப் பாலத்தை நிற்காமல் தாண்டினார். ஆனால் அதற்கப்புறம் எதிர்க்காற்று. திரும்பிப் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தவருக்குக் காது மட்டும் பின்பக்கமே இருந்தது. அந்த வேனின் சத்தம் அவருக்குத் தெரியும். கல்யாணமானதிலிருந்து விடியற்காலையில் அவரை எழுப்புகிற சத்தம். அது நெருங்கியது. இன்னும் நெருங்கியது. வட்டக் குளங்களின் பக்கம் திரும்பும்போது, விளக்குமாற்றின் ஈர்க்குகள் காற்றில் உரசுவதுகூடக் கேட்ட மாதிரி இருந்ததாம்.

திடீரென்று சத்தம் நின்றது.

அத்தை மிதிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனார். முதுகுக்குப் பின்னால் தவளைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்படியே போனால் பதக்கம் உறுதி. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். வேனின் பின்பக்கம் மட்டும் நாணலுக்கு மேலே தெரிந்தது, விளக்குமாறு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சைக்கிளைத் திருப்பினார்.

மாமா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பல் டாக்டர் உள்ளே துணிக் கூடையைக் கட்டிப் பிடித்தபடி, "எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடி கிடி பட்டுச்சாங்க?"

"இல்ல."

"போர்டைப் பார்க்கலையா?"

"பார்த்தேனே. குண்டு குழின்னு போட்டிருந்துச்சு. நான் பார்க்காத குண்டும் குழியுமான்னு நேரா விட்டேன்."

"ஐயோ, அது நிஜமாவே குண்டு போட்ட குழிங்க."

மாமா பலகையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "அப்போ குண்டு விழுந்த குழின்னு முழுசா எழுத வேண்டியதுதானே" என்றார். பாதை அங்கே குளத்தைச் சுற்றி வளைந்து போகிறது. போன வருடம் சவாரி குளங்களின் மறுகரை வழியாகப் போனதால் அந்த வளைவு மாமாவுக்குப் புதிது. நேரே தெரிந்ததைப் புல் என்று நினைத்துவிட்டார், அது நாணல். அத்தை வாராவாரம் அந்த வளைவில் போய்வந்தவர்.

டிராக்டர் இல்லாமல் வேன் அசையாது என்பது பார்த்தாலே தெரிந்தது. அங்கே சிக்னலும் கிடையாது. வேன் நின்றுவிட்டால் பதுங்குகுழியில் தண்ணீர் கொடுப்பவர்கள் இருட்டும்வரை காத்துக்கொண்டிருப்பார்கள். முடிவுக் கோட்டையும் மூட முடியாது.

"விளக்குமாறைக் கழட்டுங்க" என்றார் அத்தை.

"எதுக்கு?"

"என் சைக்கிள்ல கட்டுங்க. நான் கொண்டுபோறேன்."

மாமா தயங்கினார். "விளக்குமாறுக்கு முன்னாடி வந்தாத்தான் பதக்கம். நீயே விளக்குமாறு ஆயிட்டா உன்னை எந்தக் கணக்குல சேர்ப்பாங்க? வேணாம்மா. ஒரு வருஷம் பாடுபட்டிருக்க. நீ போய்ச் சேரு, அவங்க காத்திருந்தா காத்திருக்கட்டும்."

அத்தை தலைமுக்காட்டை அவிழ்த்து நீட்டினார். "இதால கட்டுங்க. சீக்கிரம்."

"வீட்டுல நீ விளக்குமாறு எடுத்தாலே எனக்கு உதறும். இன்னிக்கு நானே எடுத்துக் குடுக்குறேன்" என்று மாமா முடிச்சுப் போட்டார். "இந்தா பாரு, அவசரப்பட்டுப் போகக் கூடாது, நிக்கவும் கூடாது. நான் எப்படி வருவேனோ அப்படிப் போ."

"உங்க வேகம் எனக்குத் தெரியாதா. ஒரு வருஷமா அதுதான் என் கனவுல துரத்துது."

பதுங்குகுழி என்பது மேட்டுக்குள் பாதி புதைந்த காங்கிரீட் அறை. துப்பாக்கி நீட்ட விட்ட நீளப் பொந்து வழியாக இப்போது வாழைப்பழம் நீட்டுவார்கள். மருத்துவமனை நர்ஸ்கள் இருவர் அங்கே இருந்தார்கள். அத்தையின் தலைக்கு மேல் விளக்குமாறு வருவதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "என்னக்கா, மாமாவையே பெருக்கிட்டீங்களா?"

"பெருக்கி ஓரமா வச்சிருக்கேன். நீங்க கடையைக் கட்டுங்க."

நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் போன் கடை மச்சான்கள். இருவருக்கும் உடுப்பில் மட்டுமே பளபளப்பு மிச்சமிருந்தது. வேன் சத்தம் கேட்டால் கிளம்பலாம் என்று இருந்துவிட்டார்கள்.

"நான் தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சைக்கிள்ல ஏறிடுங்க" என்றார் அத்தை. "இதைக் கட்டிக்கிட்டு உங்களைத் தாண்டினா நீங்க அவுட்டு."

"விளையாடாதீங்க அக்கா. அது வேன்ல இருந்தாத்தானே செல்லும்?"

"வேன் குளிச்சுக்கிட்டு இருக்கு. இப்போ நான்தான் வேன்."

அவர் தம்ளரைக் கீழே வைக்கும்போது மச்சான்கள் ஏறியிருந்தார்கள். ஏரிக்கரைப் பாதை மேடு. சரளை வேறு புதிதாகக் கொட்டியது, சக்கரம் வழுக்கும். சின்ன மச்சான் இரண்டு முறை காலை ஊன்றப் பார்த்தார். ஊன்றப் பார்க்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால், "டுர்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது. அத்தைதான், வாயால் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தாண்டிடாதீங்க அக்கா."

"தாண்ட மாட்டேன். நிக்கவும் மாட்டேன். நீ மிதி."

"காலையில நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார் பெரிய மச்சான், மூச்சுக்கு நடுவே.

"வச்சுக்கிட்டிருந்தா இந்நேரம் உங்க ரெண்டு பேரையும் பெருக்கித் தள்ளியிருப்பேன். பேச்சைக் குறை, மூச்சு வேணும்."

ஒரே சீர். விரிப்பை உருளைக்குள் விடுகிற அதே சீர். இழுக்கவும் இல்லை, தொய்யவும் இல்லை.

இனி நான் கண்ணால் பார்த்தது. கரை வளைவில் முதலில் ஒரு விளக்குமாறு தெரிந்தது. கூட்டத்தில் யாரோ, "அவ்வளவுதான், வேன் வந்தாச்சு" என்றார்கள். விளக்குமாறு உயர்ந்துகொண்டே வந்தது. வேன் வரவில்லை. மச்சான்கள் இருவரும் வாயைத் திறந்தபடி கோட்டைத் தாண்டி, புல்லில் அப்படியே சாய்ந்தார்கள். பின்னாலேயே என் அத்தை, முதுகுக்குப் பின்னால் விளக்குமாறு, முகம் சலவைக்கூடத்து ஆவியில் சிவக்கிற மாதிரி சிவந்து, கோட்டைத் தாண்டி நிறுத்தினார்.

யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை. என்ன நடந்தது என்று மூச்சிரைக்க அவர் சொல்லி முடித்ததும் சவாரிக் குழுத் தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "உதவி பெரிய உதவிதான். ஆனா விளக்குமாறுக்கு முன்னாடி வரணும்னு விதி. இவங்க அதோட சேர்ந்தே வந்திருக்காங்க. பதக்கம் எப்படிக் குடுக்கறது?"

எல்லாரும் கோட்டில் விசிலோடு நின்ற பி.டி. மாஸ்டரைப் பார்த்தார்கள். கோட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் சைக்கிளின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். மெல்ல நடந்து பின்பக்கம் போனார். விளக்குமாற்றைத் தொட்டுப் பார்த்தார். அத்தையின் கை கைப்பிடியை விடவே இல்லை.

"முன்சக்கரம் முதல்ல தாண்டிச்சு" என்றார் மாஸ்டர். "அப்புறம் ஆள் தாண்டினாங்க. அதுக்கப்புறம்தான் விளக்குமாறு தாண்டிச்சு. நான் பார்த்தேன். இவங்க முன்னாடி, அது பின்னாடி. இதுல என்ன குழப்பம்?"

நீளமாக விசில் ஊதினார். அதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் ஏரியிலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பின. மச்சான்கள் படுத்தபடியே கை தட்டினார்கள். பதக்கத்தை அத்தை கழுத்தில் நான்தான் போட்டேன். அதை அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். ஒரு வருடமாகச் சிரிக்காத அந்தக் கேலிக்கு, வயிறு குலுங்க அப்போதுதான் சிரித்தார்.

"யார்கிட்டயாவது டிராக்டர் இருக்கா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "குளத்துல எங்க வீட்டுக்காரர் நிக்கிறார். போய் அள்ளிட்டு வரணும்."

டிராக்டர் வந்தது. அத்தை ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, விளக்குமாற்றைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "அந்த முக்காலி எங்கேயாவது இருந்தா எடுத்துப் போடுடா" என்றார். "ஊர் பார்க்க உங்க மாமா இறங்கணும்ல."