ஓம்துர்மான் வீட்டுப் பின்னறை

டி. கல்லுப்பட்டிப் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, நர்சிங் படித்து, கல்யாணமான கையோடு சூடானுக்குப் போனவள் தமிழ்வாணி. கணவன் ராஜபாண்டிக்கு அங்கே ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை. ஓம்துர்மான் நகரத்தில் உயரமான சுற்றுச்சுவர் வைத்த வீடு. பதினைந்து வருஷம் அங்கேதான் வாழ்ந்தார்கள். சண்டை மூண்டபோது ஆளுக்கொரு பையோடு கப்பலேறி ஊர் திரும்பினார்கள்.

இப்போது பழங்காநத்தத்தில் மாடி வீடு. "உசுரோட வந்து சேந்தீகளே, அது போதும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். தமிழ்வாணிக்குப் போதவில்லை. அங்கே சாயங்காலமானால் பக்கத்து வீட்டு நஃபீசா இஞ்சி தட்டிப் போட்ட காப்பியோடு வருவாள். இருட்டும்வரை பேச்சு ஓடும். அந்தக் காப்பியை இங்கேயும் போட்டுப் பார்த்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கொட்டினாள்.

அங்கே பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பார்த்துக்கொண்டதும் நஃபீசாதான். புருஷனை இழந்தவள், வயசுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். முதலில் வெயிலும் விலைவாசியும்தான். போகப்போகக் குரல் தாழ்ந்தது. "தெருமுனை வீட்டில் ஆயுதக்காரர்கள் வந்து தங்கிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் எந்த வீட்டில் என்று விசாரிக்கிறார்களாம்." கடைசியாக வந்தது வெறும் கிசுகிசுப்பு. "பிள்ளைகளை உன் வீட்டுப் பின்னறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஆளில்லாத வீடு என்று விட்டுவிடுவார்கள்."

அதன்பின் சத்தமே இல்லை. தமிழ்வாணி அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது.

ஒரு மத்தியானம் அவள் சோறு வடிக்கப் போகும்போது நஃபீசாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஆண் குரல். அவசரமில்லாத அரபி.

"இந்த வீட்டுக்காரி நீதானா? பின்னறைச் சாவி எங்கே?"

"நஃபீசா எங்கே?"

"சாவியைக் கேட்டேன்."

கூடவே ஓம்துர்மானில் அவள் விட்டுவந்த வீட்டின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா. ராஜபாண்டி எழுந்து வந்து பக்கத்தில் நின்றான்; அவனுக்கும் அரபி புரியும்.

தமிழ்வாணி அடுப்பை அணைத்தாள். வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"என் கணவர் மெக்கானிக். அந்த அறையில் வெல்டிங் சிலிண்டர்கள் இருக்கின்றன. கசிகிறது என்றுதான் பூட்டினோம். பூட்டைச் சுட்டால் நீங்களும் மிஞ்ச மாட்டீர்கள்."

பிறகு அழைப்பு அறுந்தது.

"நம்பிருப்பானா?" என்றான் ராஜபாண்டி.

"தெரியலங்க."

"உள்ள புள்ளைக ஒரு இருமல் இருமுனாக்கூட போச்சே, தமிழு."

வடிக்காத சோறு குழைந்துபோனது.

கோரிப்பாளையத்தில் அறை எடுத்துப் படித்த சூடான் மாணவர்களைத் தேடிப்போய் விசாரித்தாள். அவர்களுக்குத் தங்கள் வீட்டுச் சேதியே தெரியவில்லை.

வாரக்கணக்கில் காத்திருந்தபின் எகிப்து எண்ணிலிருந்து நஃபீசாவின் மூத்த மகள் அமலின் குரல் வந்தது. "சித்தி, கதவை அவர்கள் தொடவில்லை. ஜன்னல் கம்பியைப் பெயர்த்து நானும் தங்கச்சியும் தப்பித்துவிட்டோம். அம்மாவைக் கூட்டிப்போனார்கள். திருப்பி அனுப்பவில்லை."

ராஜபாண்டி முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த வீட்ட இனி மறந்துரு" என்றான்.

"வீட்ட விடுங்க. அவள எப்புடி மறக்க?"

நஃபீசாவின் எண்ணை மறுபடி திறந்தாள். ஆன்லைன் என்று காட்டியது. முகப்புப் படம் மாறியிருந்தது. அந்த வீட்டில் தமிழ்வாணி தைத்து மாட்டிய நீலத் திரைச்சீலைக்கு முன்னால், யாரோ ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.