லுணுகலை மடுவத்தில் பதினான்கு கையெழுத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் எல்லவில் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று தேடுகிறவர்களுக்கான பதிவு இல்லை. படிவமும் பேனாவுமாகத் தோட்டத்துக்கு ஆய்வு செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பட்ட பாட்டை நீங்களும் படக்கூடாது. அவ்வளவுதான்.

நான் பதுளை டவுனில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வாப்பாவுக்கு ஆணியும் பெயின்ட்டும் விற்கும் கடை. வேலைக்கு நடுவே, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதில் முதுகலை படிக்கிறேன், இது கடைசி வருடம். ஆய்வுக்காக லுணுகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று மாதம் சனிக்கிழமை வகுப்பு நடத்தினேன். பதினான்கு பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதைப் போனில் பதிவு செய்து, எங்கே தயங்குகிறார்கள், எங்கே துணிந்து பேசுகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. அதற்குப் பெற்றோரில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெற்றோரோ சனிக்கிழமையும் மலையில் கொழுந்து எடுப்பார்கள். அதனால் வகுப்பு தொடங்குமுன் படிவங்களைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மாரிமுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே பதினான்கும் கைக்கு வந்தன. என்ன சுறுசுறுப்பான மனுஷன் என்று மெச்சிக்கொண்டேன். மடச்சி! ஒன்றையாவது புரட்டிப் பார்த்தேனா?

புரட்டிப் பார்த்தது பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு. பதினான்கு பெயர், ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. வியாழன் பின்னேரம் என் மேற்பார்வையாளர் மேடம் அழைத்தார்.

"நீங்களே போட்டீங்களா?"

யா அல்லாஹ்! இல்லவே இல்லை என்றேன். அவர் தொடர்ந்தார். "குழு அப்படித்தான் நினைக்குது. நாளைக்கு நான் வகுப்பெடுக்கப் பதுளைக்கு வாறேன். நாலு மணிக்கு வேன் கிளம்பிடும். அதுக்குள்ள அசல் படிவம் என் கையில இல்லைன்னா, போலி ஆவணம்னு விசாரணை தொடங்கும். பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

பட்டம் போனால் அழுதுவிட்டு எழுந்துவிடலாம். கள்ளக் கையெழுத்துப் போட்டவள் என்ற பெயரோடு எந்த வகுப்பறையில் போய் நிற்பது? அன்றிரவு மாரிமுத்து அண்ணனின் போனுக்கு எத்தனை தடவை அடித்தும் கிடைக்கவில்லை. மழை என்றால் அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது.

என் திட்டம் எளிமையானது. தோட்டத்தில் காலை ஆறரைக்குப் பெரட்டு, அதாவது எல்லோரும் ஓரிடத்தில் கூடி அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்ளும் நேரம். அதைப் பிடித்தால் பதினான்கு பேரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம். வாப்பாவின் நண்பரின் வேன் அதிகாலையில் அந்தப் பக்கம் போவதாக இருந்தது. கடைசி நிமிடத்தில் பழுது. கிடைத்தது 5.15 பஸ். பதுளையிலிருந்து லுணுகலை சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் 180 ரூபா, சாதாரண நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம். பெரட்டு தவறும் என்று தெரிந்தேதான் ஏறினேன். மலைக்குப் போகுமுன் நாலு பேரையாவது பிடிக்கமாட்டேனா என்ற நப்பாசை.

பசறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. மேலேயிருந்து இன்னும் சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்தன. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, மண் அள்ளும் பெக்கோ வரும்வரை அசைய முடியாது என்றார். மூன்று மணி நேரம். பக்கத்து சீட் ஆள் குறட்டை விட்டுத் தூங்கினார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

லுணுகலை சேர்ந்தபோது 10.05. அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 1,200 ரூபா. ஓட்டியவர் ரவி, அதே தோட்டத்துப் பிள்ளை.

"இப்ப போய் யாரப் பாக்கப் போறீங்க டீச்சர்? எல்லாம் மலைக்குப் போயிருக்குமே" என்றார். "பன்னெண்டு மணிக்கு மடுவத்துக்குக் கொழுந்து நிறுக்க வருவாங்க. அங்க நின்னா ஒருத்தரும் தப்பமாட்டாங்க."

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பதினொன்றுக்கு முன்பே போய் நின்றேன். மழை தகரத்தில் அடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரைக்குக் கிளம்பினால் தப்பிக்கலாம். பிந்தினால் கதை முடிந்தது.

பன்னிரண்டுக்குப் பெண்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள். கூடவே மாரிமுத்து அண்ணன். ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, பையில் அதே நீலப் பேனா. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை.

"ஆமாங்க, நாந்தான் போட்டேன். தண்ணிக் குழாய்க்கு மனு, லயத்து வீட்டுக் கூரைக்கு மனு, எல்லாத்துக்கும் நாந்தான் போடுறேன். இதுவரைக்கும் எந்தத் தொரையும் செல்லாதுன்னு சொன்னதில்ல."

"இது செல்லாதாம் அண்ணே."

"அப்ப நான் கள்ளக் கையெழுத்துப் போட்டேங்கிறீங்களா?"

நான் புதுப் படிவங்களை எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "ரெண்டாவது பேப்பரா? சங்கம் மாத்துறாங்களா?" என்றது. அது போதும். கூட்டம் இரண்டடி பின்னால் போனது. தோட்டத்தில் ஆள் பெயர் கேட்டுக் கையெழுத்து வாங்கினால், ஒரு சங்கத்திலிருந்து இன்னொரு சங்கத்துக்கு இழுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். தலைவர் பக்கத்தில் நிற்க யார் பேனாவைத் தொடுவார்கள்?

மணி 12.25. எனக்குப் பொறுமை கிடையாது. என் தங்கைகளைக் கேளுங்கள். சத்தம் போட்டேவிட்டேன். "அண்ணே, உங்க மேல பிழை இல்ல! நாந்தான் பிழை. நான் இவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து கேட்டிருக்கணும். சோம்பேறித்தனமா உங்க தலையில கட்டிட்டுப் போயிட்டேன். இப்ப அவங்க என்னையத்தான் கள்ளின்னு சொல்றாங்க." கடைசி வார்த்தையில் அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

மாரிமுத்து அண்ணன் பெண்கள் பக்கம் திரும்பி, "இது சங்கப் பேப்பர் இல்ல. போடுறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"என்னா எழுதியிருக்கு? படிங்க கேப்போம்" என்றார் செல்வி. என் வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிற பெண்ணின் அம்மா. அந்த மகள் ஒரு சனிக்கிழமை ஆங்கிலத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் என் ஆய்வின் முதல் அத்தியாயமே எழுதியிருந்தேன்.

படித்தேன். "பங்கேற்பாளரின் தன்னார்வ ஒப்புதலின் அடிப்படையில் பெறப்படும் தரவுகள்..." மூன்றாவது வரியில் எனக்கே மூச்சு வாங்கியது. மொழி கற்பிப்பதில் முதுகலையாம், எழுதியிருக்கிற தமிழைப் பாருங்கள்! தாளை மடித்துவிட்டு வாயால் சொன்னேன். "புள்ளைங்க இங்கிலீஷ் பேசுறத போன்ல பதிவு பண்ணியிருக்கேன். அதக் கேட்டு ஒரு புத்தகம் மாதிரி எழுதுவேன். பேரு போடமாட்டேன். வேணாம்னா அழிச்சிருவேன். வகுப்புக்கு எப்பவும் போல வரலாம்."

ஒருத்தர் வந்தார். பிறகு வரிசையாக வந்தார்கள். மூன்று பேருக்குக் கைநாட்டு. மை டப்பாவைக் கணக்குப்பிள்ளை கொடுத்தார். பதின்மூன்று. செல்வி மட்டும் கூடையைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப எம்மவ வேணாம் டீச்சர்."

"ஏங்க?"

"எல்லயில எங்கக்கா வீட்டுக்குப் போனப்ப, ஒரு வெள்ளைக்காரன் நான் ரோட்டோரம் நடக்கிறத வீடியோ புடிச்சான். பொறவு அக்கா மக போன்ல காட்டுறா, எத்தனையோ பேரு பாத்திருக்காங்க. என்னைய யாரும் கேக்கல. நீங்களும் மொதல்ல கேக்கல. இப்பதான கேக்குறீங்க? வேணாம்."

கெஞ்சியிருக்கலாம். வாய் வரை வந்தது, பொய் சொல்லமாட்டேன். முதல் அத்தியாயமே போகிறது. ஆனால் அந்த அம்மா சொன்னதில் எதை மறுப்பது? அவர் முன்னாலேயே போனைத் திறந்து, அந்தப் பிள்ளையின் பன்னிரண்டு பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். வீட்டுக் கணினியில் இருப்பதையும் அழிப்பேன் என்றேன். படிவத்தின் அடி ஓரத்தில் "எனக்கு விருப்பமில்லை" என்று அவரே நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான எழுத்து.

1.20க்கு ரவியின் ஆட்டோ. லுணுகலையில் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். மண் சரிந்த இடத்தில் மறுபடி இருபது நிமிடம். படிவங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி அபாயாவுக்குள் வைத்திருந்தேன். பதுளையில் இறங்கி ஓடியபோது 3.52. மேடம் வேனின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

நின்றபடியே புரட்டினார். பதின்மூன்றிலும் முகம் மாறவில்லை. ஒரு நாளில் பதின்மூன்று விதமாகப் போட யாராலும் முடியும் என்று நினைத்தாரோ என்னவோ. பதினான்காவதில் நின்றார். இரண்டு முறை படித்தார்.

"இது உங்க முக்கியமான பிள்ளை இல்லையா?"

"ஆமா மேடம்."

"கள்ளமா செய்யிற ஆள் இத எழுதமாட்டா" என்று சொல்லிப் பைக்குள் வைத்தார். விசாரணை தொடங்கவேயில்லை.

போகிறவர்களுக்கு: மழை மாதத்தில் முதல் நாளே லுணுகலைக்குப் போய்த் தங்கிவிடுங்கள். பெரட்டு தவறினால் பன்னிரண்டு மணி நிறுவை இருக்கிறது. மை டப்பா எடுத்துப் போங்கள். தலைவரிடம் முதலில் சொல்லுங்கள், ஆனால் படிவத்தைக் கொடுக்காதீர்கள். படிவத்தை வீட்டில் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று எழுத ஒரு கோடு விடுங்கள். நான் விடவில்லை, செல்வி ஓரத்தில் இடுக்கி எழுத வேண்டியதாயிற்று.

எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் பதிவை எழுதலாமா என்று போன சனிக்கிழமை செல்வியிடம் கேட்டேன். "எழுதுங்க, எம்மவ பேசுனத மட்டும் போட்டுறாதீங்க" என்றார். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்ததில் அதைப்போல ஒன்றை ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. ஆய்வில் அது இல்லை. இங்கேயும் இல்லை.