தண்ணீர் கேட்ட அத்தியாயம்

"2024 பெப்ரவரி 11. நாலாவது தடவை. மத்தியானம் முடிந்தது. வெளியே நல்ல வெயில்."

எனக்கு மிகவும் பிடித்த நாவலின் முதல் பக்கத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. முந்தைய மூன்று தடவைகளுக்கான வரிகள் அதற்கு மேலே இருக்கின்றன. வாசித்து முடித்த நாளை மட்டும்தான் குறிப்பேன். தொடங்கிய நாளை எழுதுவதில்லை, ஏனென்றால் மூன்று புத்தகங்களைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காத வாரங்கள் எனக்கு நிறைய உண்டு. றக்வானப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் கரும்பலகையில் திகதி எழுதுவதுதான் அங்கே என் முதல் வேலை. அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது.

அந்த ஆண்டில் நான் முடித்த நாவல்கள் பதினொன்று. என் தங்கை எத்தனை முடித்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. எனக்கு முதல் எரிச்சல் அதில்தான்.

"எழுதி வச்சா என்னா, இல்லாட்டி என்னாக்கா? முடிஞ்சா முடிஞ்சிதான்" என்பாள்.

எண்ணத் தேவையில்லாத அளவுக்குப் புத்தகம் கிடைப்பவர்கள் பேசுகிற பேச்சு அது.

அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் தமிழில் படித்தேன். அவளுக்குப் பள்ளி சேரும் வயது வந்தபோது, தமிழ்ப் பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏற வேண்டியிருந்தது. சிங்களப் பாடசாலை ரோட்டுக்குக் கீழேயே இருந்தது. அப்பா அதில் சேர்த்துவிட்டார். அதனால் இரண்டு பேரும் இரண்டு மொழியும் பேசுவோம், ஆனால் எனக்கு வாசிக்க வருவது தமிழ், அவளுக்கு வாசிக்க வருவது சிங்களம். சிங்களத்தில் நான் பஸ் போர்டு வரைக்கும் போவேன். அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவாள். சில நேரம் பக்கம் வேறாக இருக்கும்.

சின்ன வயதில் அவளுக்குக் கதை வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். மழைக்கு வெளியே போக முடியாத நாட்களில் நான் வாசிக்க, அவள் என் முழங்காலில் தாடையை ஊன்றிக்கொண்டு கேட்பாள். நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூடக் கிள்ளுவாள். வளர்ந்த பிறகு சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினாள். நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெல்மதுளையில் ஒரு பாமசியில், மருந்துக் கடையில், வேலை கிடைத்த பிறகுதான் அவள் வாசிப்பு வெறியாக மாறியது. அங்கே அவளோடு ஒரு சிங்களப் பெண் வேலை செய்கிறார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். அவர்தான் இவளை நூலகத்தில் சேர்த்துவிட்டார். அந்த நூலகத்துக்கு நானும் போயிருக்கிறேன். மண்டபம் முழுக்கச் சிங்கள நாவல்கள், அதில் பாதி உலக நாடுகளிலிருந்து மொழிபெயர்த்தவை. தமிழுக்கு ஓர் அலுமாரி. அதன் கீழ்த் தட்டுகளில் பழைய பரீட்சை வினாத்தாள்கள். மேல் தட்டுகளை நான் எப்போதோ முடித்துவிட்டேன். எனக்குப் புதிய புத்தகம் வருவதென்றால் செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிற ஒன்றுவிட்ட தம்பி வாங்கி, பார்சல் கட்டி, பஸ்ஸில் போட்டுவிட வேண்டும். மற்ற மாதங்களில் பழையதையே திருப்பி வாசிப்பேன். நாலாவது தடவை என்று மேலே எழுதியிருப்பது அப்படித்தான் வந்தது.

அவளோ காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் வாசித்தாள். றக்வான ரோட்டின் வளைவுகளில் நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பேன், கையில் எலுமிச்சங்காய் வேறு. அவள் ஒரு கையில் கம்பியையும் மறு கையில் நாவலையும் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டுவாள். எப்படிப் புரட்டினாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மார்ச்சில் ஒரு நாள் சாப்பிடும்போது, பனி பெய்யும் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு குதிரை வண்டிக்காரன், இரண்டு அண்ணன் தம்பி, ஒரு கடன். கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெகுகாலமாகத் தமிழில் தேடிக் கிடைக்காத நாவல் அது.

"எங்க எடுத்த?" என்றேன்.

"லைப்ரரிலதான். மூணு கொப்பி கெடக்கு. யாரும் எடுக்கிறதில்ல போல, தூசி."

"மூணு கொப்பியா?"

"ஏன்க்கா இப்பிடிப் பாக்குற? நான் என்னா களவா எடுத்தேன்?"

அம்மா இடையில் வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். புத்தகம் என்றால் அவருக்கு வேதப் புத்தகம் மட்டும்தான். "ரெண்டு பேரும் தட்டப் பாத்துத் தின்னுங்க. சோத்துக்குப் பதிலா காகிதத்தப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது போல."

முடிவைச் சொல்லாதே என்று அவளைத் தடுத்துவிட்டேன். பிறகு வராந்தாவில் அவள் போனில் அந்தப் பாமசிப் பெண்ணிடம் அதே முடிவைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. சிங்களம் பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் தப்பாது. தடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. முடிவு எனக்கும் தெரிந்துவிட்டது, அதுவும் அவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துப் பேசிய பேச்சின் வழியாக. அவ்வளவு சுவையாகச் சண்டை பிடித்தார்கள். வாக்கியத்துக்கு ஒரு "அக்கே". சிங்களத்திலும் அக்காவுக்கு அக்காதான். அந்தச் சொல்லை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்க அவளுக்கு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று கதவைச் சத்தமாகச் சாத்தினேன்.

ஜூன் மாதம் அவள் என் நாவலைக் கொண்டுவந்தாள். என் நாவல் என்றால், பெப்ரவரியில் நாலாவது தடவை முடித்தேனே, அதன் சிங்கள மொழிபெயர்ப்பு. நூலகத்துப் புத்தகமும் இல்லை, பாமசி அக்காவின் சொந்தப் பிரதி. அட்டையில் இருந்த படமே வேறு. அது சிங்களத்தில் வந்திருப்பதை நான் அறிந்திருக்கவில்லை. வருடக்கணக்காக என் தங்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்து, நேரம் வரட்டும் என்று ஒத்திப்போட்டு வைத்திருந்த புத்தகம் அது.

அந்த வாரமே முடித்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டேன்.

"சும்மா சொல்லக் கூடாதுக்கா. அந்தப் பொம்பள என்னா பொம்பள!"

நாவலில் வருபவள் ஒரு துறைமுகப் பட்டினத்தில் தங்குமிடம் நடத்துகிறவள். இளம் வயதில், பிறந்த மகளை யாருக்கோ கொடுத்துவிட்டவள். எனக்கு அதில் உயிரான இடம் பன்னிரண்டாம் அத்தியாயம். மகள் வாழும் ஊரைக் கண்டுபிடித்து ரயிலேறிப் போகிறாள். வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று, வழிப்போக்கர் போல, குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். மகள் கொண்டுவந்து கொடுக்கிறாள். குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிடுகிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாவலில் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

"தண்ணி கேக்கிற எடம்?" என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"மக வீட்டுக்குப் போவாளே. கேட்டுக்கிட்ட நிப்பாளே."

"அவ எங்க போனா? மகளப் பாக்கவே இல்லயேக்கா. அதான எனக்குக் கவல."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். விளையாட்டு என்று தோன்றவில்லை. "பன்னெண்டாவது அத்தியாயம்" என்றேன். அவளுடைய புத்தகத்தில் அத்தியாய எண்களே இல்லை, இடையிடையே பூப் போட்டுப் பிரித்திருந்தார்கள். நான் வாங்கிப் புரட்டினேன். வட்ட வட்டமாக எழுத்துக்கள். பஸ் போர்டு வாசிக்கிறவளுக்கு அங்கே என்ன தெரியும்.

"ஒங்க புத்தகத்துல வெட்டிட்டாங்க போல" என்றேன்.

என் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் கேட்டிருப்பாள். நான் மறைக்கவும் முயலவில்லை. மண்டபம் நிறைய நாவல்கள் அவளுக்கு இருக்கலாம், பாமசி அக்கா இருக்கலாம். இந்த ஓர் அத்தியாயம் எனக்குத்தான் இருந்தது.

"அப்ப வாசி" என்றாள்.

அடுத்த பௌர்ணமி போயா விடுமுறையில் வாசித்தேன். அம்மா இறப்பர் மர விறகை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை முழங்காலில் தாடையை ஊன்றவில்லை, இருபத்தொன்பது வயதுப் பெண். ஆனால் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, நான் விரல் வைத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு தடவை வாசித்த அத்தியாயத்தை ஐந்தாவது தடவை வாசிக்கும்போது ஓர் இடத்தில் நிறுத்தினேன். "நிப்பாட்டாத" என்று கிள்ளினாள்.

முடிந்ததும் எழுந்து குசினிப் பக்கம் போனாள். தேத்தண்ணி போடப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது. போனை வாயருகே பிடித்துக்கொண்டு, பாமசி அக்காவுக்கு வொய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் வாசித்த அத்தியாயம் முழுவதையும், கேட்டிலிருந்து தண்ணீர் வரை, சிங்களத்தில். நன்றாகச் சொன்னாள். என் வாசிப்பைவிட நன்றாக இருந்தது என்றே எழுத வேண்டும். அதோடு ஓர் இடத்தில், மகள் "இன்னொரு கோப்பை வேண்டுமா?" என்று கேட்பதாகச் சொன்னாள். தமிழில் மகள் ஒன்றும் கேட்பதில்லை. நான் அதைச் சரிபார்த்தேன். ஒரு சொல்லும் பேசுவதில்லை.

அவள் திரும்பி வந்ததும், "ஏன், அவளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கத்தான் என்னை வாசிக்கச் சொன்னியா?" என்றேன்.

"என்னாக்கா இது? நல்லாருந்துச்சி, சொன்னேன்."

"எனக்குச் சம்பளம் தரச் சொல்லு ஒன்ட அக்காவ."

"நீ டீச்சர் மாதிரி பேசாத, ஹரித, சரியா? புத்தகம் என்னா ஒன் பேருல உறுதி எழுதின காணியா?"

அந்த வாரம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. "ஒரு பொம்பள தண்ணி கேட்டதுக்கு வீட்ல ரெண்டு பொம்பள பேசாம கெடக்குதுக" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டம்மா என்னைக் கண்டதும் செம்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

செப்டெம்பரில் கொழும்புப் பார்சல் வந்தது. நாலு நாவல்கள். டிசம்பர் வரைக்கும் அவற்றைத் தனியாக வாசித்தேன். ஒன்றைப் பற்றியும் அவளிடம் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. நாலும் நல்ல நாவல்கள் என்று குறிப்பில் இருக்கிறது. இப்போது யோசித்தால் ஒன்றின் கதைதான் ஞாபகம் வருகிறது.

டிசம்பர் 25, நத்தாருக்குப் பாமசி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மனதில் உருவாக்கி வைத்திருந்தவர் வேறு ஆள். வந்தவர் குள்ளமாக, மூச்சு வாங்கியபடி, மலை ஏறி வந்த களைப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். நங்கி எந்நேரமும் உங்களைப் பற்றித்தான் பேசுவாள், எந்த நாவல் முடித்தாலும் டீச்சர் இதற்கு என்ன சொல்வாரோ என்பாள் என்று சிங்களத்தில் சொன்னார். நங்கி என்றது என் தங்கையை. கேக் தட்டை நீட்டினேன்.

பேச்சு அந்த நாவலுக்கு வந்தது. அவர் நெஞ்சில் கை வைத்தார். "அனே டீச்சர், அந்தக் கேட்டுக்கிட்ட தண்ணி கேக்கிற எடம்! மக 'இன்னொரு கோப்பை வேணுமா'ன்னு கேப்பாளே. அதுல நான் அழுதுட்டேன்."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கே, கேக் கன்ன" என்று அவர் கையில் ஒரு துண்டைத் திணித்தாள். சாப்பிடுங்கள் என்று அவ்வளவு அவசரமாக அவள் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் அழுதது புத்தகத்தை வாசித்தா, தங்கை அனுப்பிய வொய்ஸைக் கேட்டா? அதை அவரிடமே கேட்டிருக்கலாம். சிங்களத்தில் நாலு சொல். அந்த இரண்டாவது கோப்பையைத் தங்கை தானாகச் சேர்த்தாளா, அல்லது சிங்களப் புத்தகத்தில் ஏற்கெனவே வாசித்திருந்தாளா? வாசித்திருந்தால், "எந்தத் தண்ணி?" என்று என்னிடம் ஏன் கேட்டாள்? இதற்கு ஒரு பதில் எனக்குத் தோன்றுகிறது. எனக்கென்று ஒன்றாவது இருக்கட்டும் என்றா? என் பொறாமை அவ்வளவு வெளிப்படையாகவா தெரிந்தது?

ஜனவரியில் ஒரு போயா அன்று, செப்டெம்பர் பார்சலில் வந்த நாவல் ஒன்றை என் அலுமாரியிலிருந்து எடுத்துவந்து மடியில் போட்டாள்.

"இது சிங்களத்துல வரவே இல்லயாம். அக்கா தேடிப் பாத்தாங்க. வாசி."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. வாசிக்கத் தொடங்கினேன். இப்போது போயாவுக்குப் போயா வாசிக்கிறோம். பாதி தாண்டிவிட்டது. மாலையில் அவள் குசினியில் வொய்ஸ் அனுப்புவது கேட்கிறது. எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனால் அவள் சொல்லி முடிக்கும் வரை நானும் இங்கிருந்து கேட்கிறேன், பிழையாகச் சொன்னால் கத்தித் திருத்துகிறேன்.

பெல்மதுளைப் புத்தகக் கடையில் அந்தச் சிங்கள மொழிபெயர்ப்பைக் கேட்டேன். முடிந்துவிட்டது, இனி எப்போது வருமென்று தெரியாது என்றார்கள். பாமசி அக்காவின் பிரதி அவர் வீட்டில் இருக்கிறது. நான் கேட்டனுப்பவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயம் சிங்களப் பதிப்பில் உண்டா இல்லையா என்பது, இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படவில்லை.