எண்பத்தொன்பதில் இதைவிடப் பெரிசு

ஓரெஸ்ட் நட்டியுக் எதையும் முதல்முறையாகப் பார்த்ததே இல்லை. ஆலங்கட்டி மழை எங்கள் கோதுமையைத் துவைத்துப் போட்ட அன்றுகூட, "எழுபத்தாறுல விழுந்தது முட்டை சைஸு" என்றார். பெட்ரோல் பங்கில் காலை ஏழு மணிக்குக் கூடும் எங்கள் காபி மேஜையில் ஜன்னலோர நாற்காலி அவருக்குக் கிடைத்தது இதனால்தான். நேற்று நடந்தது எவ்வளவு சின்னது என்று அவர் அளந்து சொன்ன பிறகே மற்றவர்கள் வாய் திறப்போம். நிலத்தை மகனிடம் கொடுத்த பிறகு அவருக்கு மிஞ்சிய பதவி அது ஒன்றுதான்.

வடக்கு வானத்தில் ராத்திரியில் நிறநிறமாக ஆடும் துருவ ஒளி என்றால் கேட்கவே வேண்டாம். எண்பத்தொன்பது மார்ச்சில் வானம் பீட்ரூட் சூப்பாகச் சிவந்ததையும், அந்த வெளிச்சத்தில் வாசலில் நின்று பேப்பர் படித்ததையும் முப்பத்தைந்து வருடமாகக் கேட்டு வருகிறோம்.

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கனடாவில் எங்கள் பக்கத்துப் பெரிய ஊரான சஸ்கட்டூனில் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மனைவி வெர்னாவோடு நடுராத்திரியில் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் இரவில் வண்டி ஓட்டுவது இரண்டு பேர் வேலை. சாலையின் இடப்பக்கப் பள்ளத்தை ஓட்டுகிறவர் பார்க்க வேண்டும், வலப்பக்கத்தைப் பக்கத்தில் இருப்பவர். எந்தப் பள்ளத்திலிருந்து சாலையில் பாயப்போகிறோம் என்று மானுக்கே தெரியாது.

"நிறுத்து ஓரெஸ்ட்!" என்று கத்தினார் வெர்னா.

பிரேக் கிறீச்சிட்டது. வெர்னா இறங்கி அண்ணாந்து நின்றார்.

"எதுல இடிச்சோம்?"

"மேல பாரு."

"பம்பர் போச்சா?"

"மேல பாருன்னா!"

ஓரெஸ்ட் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தார். பம்பர், விளக்கு, டயர் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்து, ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். "உன் பக்கத்துப் பள்ளத்த நீ பாக்கவே இல்ல" என்ற வழக்கு வீடுவரை நடந்தது. மிச்ச தூரம் இரண்டு பள்ளங்களையும் அவரே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை மேஜையில் எல்லோருக்கும் நாக்கு அரித்தது. தூங்கிப்போனவர்கள்கூட ராத்திரி வானத்தின் ஊதா நிறத்தைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தோம்.

"நேத்து ரோட்டுலதானேப்பா இருந்தே?" என்றார் ஓரெஸ்டுக்கு எதிர் நாற்காலி டெல்பர்ட். "எப்படி?"

ஊரே போர்வையோடு வெளியே வந்து பார்த்த வானத்துக்கு அடியில் நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தவர், பார்க்கவில்லை என்று சொன்னால் நாற்காலி போய்விடும். ஓரெஸ்ட் காபியை நிதானமாக ஊதினார்.

"சுமாரா இருந்துச்சு. பச்சை கொஞ்சம் வெளிறல். எண்பத்தொன்பதுல இதைவிடப் பெரிசு."

அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியோடு வெர்னா உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான்.

"சுமாரா?" என்று தன் போனை மேஜையில் வைத்தார். படம் முழுக்க வானம் பச்சையும் சிவப்புமாகத் தொங்கியது. அதற்குக் கீழே, வானத்துக்குத் தன் பின்பக்கத்தைக் காட்டியபடி, டயருக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் ஓரெஸ்ட்.

"டயரும் வெளிறலாப்பா?" என்றார் டெல்பர்ட்.

"ஒரு தடவ விட்டா என்னய்யா? எண்பத்தொன்பதப் பாத்தவன் நான்."

"பாத்தவ நான்" என்றார் வெர்னா. "பேப்பர் படிச்சதும் நான்தான். நீ கொட்டகைல பசுவுக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு இருந்தே. ஓடி வந்து கூப்பிட்டேன். குளுருது, கதவ மூடுன்னே."

டெல்பர்ட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு வெர்னா. ரெண்டையும் பாத்தவ நீ. எது பெரிசு?"

"நேத்துதான்."

அந்த மேஜையில் பழைய வருடத்தை 'நேற்று' ஜெயித்தது அதுவே முதல்முறை.

ஓரெஸ்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இப்போதாவது வானத்தைப் பார்க்கிறாரே என்று எங்களுக்கும் ஆறுதலாக இருந்தது. படம் கீழே நகர்ந்து, இன்னும் நகர்ந்து, பம்பரில் போய் நின்றது.

"பாத்தியா, கீறல்" என்றார். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. தொண்ணூத்தேழுல மான் மோதினப்ப விழுந்த பள்ளம் இதைவிடப் பெரிசு."

நாங்கள் எல்லோரும் வெர்னாவின் முகத்தைப் பார்த்தோம்.