தலைப்பிரசவத்தோடு காணாமல் போன அம்மாக்கள்

பிரசவ ஆஸ்பத்திரிப் பதிவையும் எங்கள் சர்க்கரை கிளினிக் பதிவையும் இணைக்கப் பார்த்தோம், இணையவில்லை. ரெக்கார்டு ரூமில் தூசி தின்றவர்களுக்குத் தெரியும், காகிதத்தில் ஒருத்தி எப்போதும் இரண்டு பேர்.

யாருக்கும் ஒன்றுமில்லை

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களில் யாருக்கு அது பிறகு நிலைத்துவிடுகிறது என்று ஒரு டாக்டரம்மா ஆராய்ந்தார். தெரிந்தால் மற்றவர்களை முன்கூட்டியே கூப்பிட்டுச் சோதிக்கலாம். நல்ல காரியம். அதற்காக ரெக்கார்டு கிளார்க்காக ரிட்டயரான என்னையும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இரண்டு இடத்திலும் நம்பர் வேறு வேறு. பேர், இனிஷியல், முகவரி வைத்துத்தான் பொருத்த வேண்டும். அனுமதி அடுத்த மாதக் கடைசி வரை. அதற்குள் முடியாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. காலாப்பட்டு யூனிவர்சிட்டியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஏற்கெனவே இரண்டு மாதம் தட்டிப் பார்த்திருந்தார். பத்துப் பேர்கூடத் தேறவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், உங்க ஊர்ல புள்ள பெத்தவங்க யாருக்கும் அப்புறம் சர்க்கரையே வர்றதில்ல போல."

எடுக்கப் போகிற பேர்

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் கிளினிக்குக்கு மாத்திரை வாங்க வந்தார். பேர் சொல்ல மாட்டேன்; சொன்னால் கூடையோடு வருவார். சம்மதம் கேட்டேன். என் சர்க்கரையை மார்க்கெட் முழுக்கச் சொல்வியா என்று பிடித்துக்கொண்டார். பேரை வைத்து இணைப்போம், இணைத்ததும் பேரை எடுத்துவிட்டு நம்பர் போடுவோம், டாக்டரம்மாவுக்கு நம்பர்தான் போகும் என்று விளக்கினேன். முறைத்தார்.

"எடுத்துப் போடப் போற பேரையா ரெண்டு மாசமா தேடிக்கினு இருக்க, பெருசு?"

ஒரு கேள்வி

அவர் பிரசவமும் பதிவில் அகப்படவில்லை. கவுண்டரில் சீட்டு எழுதும் மும்தாஜ் தலையைத் தூக்கி, தலைப்பிரசவத்துக்கு எந்த வீட்டிலிருந்து போனீங்க என்று அவரைக் கேட்டாள். அம்மா வீடு, நோணாங்குப்பம் என்றார். வேறெங்கே? எல்லாரும் அப்படித்தானே.

"அப்ப அங்க அப்பா இனிஷியல், அம்மா வீட்டு முகவரி. இங்க வீட்டுக்காரர் இனிஷியல், மாமியார் வீட்டு முகவரி. எப்படி சார் சேரும்?"

அப்பா இனிஷியலைப் போட்டோம். உடனே வந்து நின்றது.

பிரெஞ்சுக் காகிதம்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண்களின் காகிதத்தில் பிறந்த பேர் சாகிறவரை மாறாது. புருஷன் பேர் பக்கத்தில் தனியாக நிற்கும். முப்பது வருஷம் அதைப் புரட்டியும் எனக்கு உறைக்கவில்லை. மும்தாஜுக்கு உறைத்தது. சீட்டில் இரண்டு கட்டம் போட்டாள்: பிறந்த வீடு, புகுந்த வீடு. மாத்திரைக்கு மாதாமாதம் எல்லாரும் வந்துதானே ஆகணும்? ஒருத்தரையும் விடாமல் கேட்டு எழுதினாள்.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது திரும்பத் தட்டினோம். திரை நிரம்பிக்கொண்டே போனது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தும் எங்கள் பக்கமே வராத பெண்களுக்கும் இப்போது பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு போகிறது. டாக்டரம்மா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "எல்லா அம்மாவும் வந்துட்டாங்க சார்."

டாக்டர் படிப்பும் கம்ப்யூட்டரும் என் முப்பது வருஷ அனுபவமும் சேர்ந்து தொலைத்ததை, எந்த வீடு என்ற ஒரே கேள்வியில் கண்டெடுத்தவள் கவுண்டர் மும்தாஜ்.